வடக்கெல்லை காத்த சிலம்புச் செல்வர்

திருவள்ளூர் நகரை ஒட்டி அமைந்துள்ளது காக்களூர். ஏரியும் வயலும் சூழ்ந்திருந்த அவ்வூர் இன்று தொழிற்பேட்டையால் அறியப்படுகிறது. நாள்தோறும் காலையில் திருத்தணிப் பக்கத்திலிருந்து தொடர்வண்டியில் வந்து இறங்குவோர் இப்பகுதித் தொழிற்கூடங்களுக்கும் கல்விக்கூடங்களுக்கும் அலுவலகங்களுக்கும் செல்கின்றனர். அவர்கள் எந்த மாநில எல்லையையும் கடந்து வருவதில்லை. ஆனால், 1953 முதல் 1960 வரை நிலைமை அவ்வாறு இல்லை. அந்நாளில் திருத்தணி ஆந்திர மாநிலத்தின் ஓர் ஊர். அது தமிழகத்தோடு மீண்டும் இணைந்ததன் பின்னே பலருடைய உழைப்பு உண்டு. அவர்களுள் முதன்மையானவர் ம.பொ.சி. என்று தமிழுலகம் அழைக்கும் மயிலாப்பூர் பொன்னுசாமி சிவஞானம். பெரும்பான்மை பலம் இல்லாத ஒரு மக்கள் பிரதிநிதி எவ்வளவு சாதிக்க முடியும் என்பதற்கும், எவ்வளவை இழக்க நேரும் என்பதற்கும் அவர் வாழ்க்கை சான்றாக உள்ளது.

இளமையும் கல்வியும்

ம.பொ.சி. 1906 ஆம் ஆண்டு ஜூன் 26 ஆம் நாள் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் பொன்னுசாமி, சிவகாமி இணையருக்கு மகனாகப் பிறந்தார். பாடநூல் வாங்கவும் வழியற்ற வறுமை, மூன்றாம் வகுப்போடு அவரது பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டது. தாயார் பாடிக் காட்டிய அம்மானைப் பாடல்களே அவருக்கு முதல் தமிழ்ப் பாடமாயின. நெசவுத் தொழில் செய்தார். பின்னர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் தொழிலாளியானார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாய் எடுத்துக் கோத்த கைகள் அவ்வெழுத்துகளின் பொருளையும் தேடின. கூலியில் மிச்சம் பிடித்த காசைக் கொண்டு பழைய புத்தகக் கடைகளில் நூல்களை வாங்கிப் படித்தார். பள்ளி தர இயலாத கல்வியைக் கேள்வியாலும் வாசிப்பாலும் தாமே ஈட்டிக்கொண்டார்.

சிறையில் வளர்ந்த தமிழ்

1927 இல் காங்கிரசில் சேர்ந்த ம.பொ.சி. விடுதலைப் போராட்டத்தில் பலமுறை சிறைசென்றார். 1942 ஆம் ஆண்டு ஆகஸ்டுப் போராட்டத்தின்போது கைதாகி வேலூர்ச் சிறையிலும், பின்னர் மத்திய இந்தியாவின் அமராவதிச் சிறையிலும் அடைக்கப்பட்டார். அமராவதியின் கடும் வெப்பமும் ஒவ்வாத உணவும் அவர் உடல்நலத்தைச் சிதைத்தன. வயிற்று நோய் வாழ்நாள் முழுதும் அவரை வருத்தியது. அச்சிறைவாழ்விலும் அவர் இலக்கியம் பயிலுவதை விடவில்லை. சிலப்பதிகாரம் அவரை ஆட்கொண்டது. சேர, சோழ, பாண்டிய நாடுகள் மூன்றையும் ஒரே கதையில் இணைத்துக் காட்டிய அந்நூலில், பிரிந்து கிடந்த தமிழகத்தின் ஒருமையை அவர் கண்டார். அதனை ஊர்தோறும் மேடையேற்றி எளிய மக்களிடம் கொண்டுசேர்த்தார். அவருடைய புலமையைப் போற்றி அறிஞர் ரா.பி. சேதுப்பிள்ளை வழங்கிய 'சிலம்புச் செல்வர்' என்னும் பட்டம் அவர் பெயரோடு நிலைத்துவிட்டது.

இந்திய விடுதலை நெருங்கிய வேளையில், 1946 இல், ம.பொ.சி. தமிழரசுக் கழகத்தைத் தொடங்கினார். மொழிவழி மாநிலங்கள் அமையவேண்டும், தமிழர் வாழும் நிலப்பகுதிகள் ஒரே ஆட்சியின்கீழ் வரவேண்டும், அங்குத் தமிழே ஆட்சிமொழியாக வேண்டும் என்பன அதன் அடிப்படைக் கோரிக்கைகள்.

தலைநகருக்கு வந்த இடர்

அக்காலச் சென்னை மாகாணத்தில் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் ஆகிய மொழிகளைப் பேசும் பகுதிகள் கலந்திருந்தன. தெலுங்கு பேசுவோர்க்குத் தனி மாநிலம் வேண்டி உண்ணாநோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு, 1952 டிசம்பர் 15 அன்று சென்னையில் உயிர்துறந்தார். அதன் பின்னர் ஆந்திர மாநிலம் அமைவது உறுதியாயிற்று. மொழிவழி மாநிலக் கொள்கையை ஏற்றிருந்த ம.பொ.சி. அதனை எதிர்க்கவில்லை. ஆனால், சென்னை நகரம் புதிய மாநிலத்திற்கு வேண்டும் என்ற கோரிக்கையும், தற்காலிகமாகவேனும் ஆந்திரத்தின் தலைநகர் சென்னையில் இயங்கலாம் என்ற யோசனையும் எழுந்தபோது அவர் அமைதியாக இருக்கவில்லை.

அப்போது அவர் சட்டமன்ற மேலவை உறுப்பினர். பொதுக்கூட்டம், மறியல், ஊர்வலம் எனத் தமிழரசுக் கழகம் மக்களைத் திரட்டியது. மாநகரத் தந்தையாக இருந்த செங்கல்வராயன் தலைமையில் மாநகராட்சி சிறப்புக் கூட்டம் கூட்டிச் சென்னையைப் பிரித்துக் கொடுக்கக் கூடாது என வலியுறுத்தியது. முதலமைச்சர் இராஜாஜியும் அதில் உறுதியாக நின்றார். 1953 மார்ச் 25 அன்று, ஆந்திரத்தின் தலைநகர் ஆந்திர எல்லைக்குள்ளேயே அமையும் எனப் பிரதமர் நேரு நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று கர்னூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர மாநிலம் பிறந்தது. சென்னை காக்கப்பட்டது.

திருத்தணிப் போராட்டம்

தலைநகர் காக்கப்பட்டபோதும் எல்லைச் சிக்கல் தீரவில்லை. 1911 இல் உருவாக்கப்பட்ட சித்தூர் மாவட்டம் முழுவதும் ஆந்திரத்தோடு சேர்க்கப்பட்டது. திருத்தணி, புத்தூர், சித்தூர் முதலிய பகுதிகளில் வாழ்ந்த தமிழர்கள் ஒரே நாளில் வேற்று மாநிலத்தவராயினர். இது வரைபடத்தில் ஒரு கோடு இடம்மாறியது மட்டும் அன்று. பிள்ளைகள் எந்த மொழியில் பயில்வர், நிலப்பத்திரம் எந்த மொழியில் எழுதப்படும், வழக்குமன்றத்தில் எந்த மொழியில் முறையிடுவது என்னும் அன்றாட வாழ்வின் வினாக்கள் அதனுள் அடங்கியிருந்தன.

வடக்கெல்லை ஊர்களில் தமிழ் வகுப்புகள் நடத்தித் தமிழுணர்வை வளர்த்து வந்தவர் தமிழாசான் மங்கலங்கிழார். அவரோடும், திருத்தணி வழக்கறிஞர் கே. விநாயகம் போன்றோரோடும் இணைந்து ம.பொ.சி. போராட்டத்தை வழிநடத்தினார். தொல்காப்பியப் பாயிரமும் சங்க இலக்கியமும் வேங்கடமலையைத் தமிழகத்தின் வடஎல்லையாகக் குறிப்பதை அவர் எடுத்துக்காட்டினார். எனினும் பழம்பெருமையை மட்டும் நம்பி அவர் வழக்காடவில்லை. ஊர்தோறும் மக்கள் பேசும் மொழி எது என்பதையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்றார். 1953 இல் மறியல்கள் வலுத்தன. ம.பொ.சி. கைதானார். தொண்டர் பலர் சிறைப்பட்டனர். அவர்களுள் திருவாலங்காடு கோவிந்தராசன், மாணிக்கம் ஆகிய இருவரும் சிறையிலேயே உயிர்துறந்தனர். வரலாற்றில் தலைவர்களின் பெயர்களோடு சேர்த்துப் போற்றத்தக்கவை அவ்விருவர் பெயர்களும்.

போராட்டத்தின் பயனாய், எல்லைச் சிக்கலைத் தீர்க்கப் படாஸ்கர் நடுவராக அமர்த்தப்பட்டார். சிற்றூரை அலகாகக் கொண்டு, மக்கள் பேசும் மொழியையும் நிலத்தொடர்ச்சியையும் கருதி அவர் பரிந்துரை வழங்கினார். அதன் அடிப்படையில் 1959 இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் தமிழகத்தோடு இணைந்தன. அதே நாளில், இன்றைய கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே உள்ள சத்தியவேடுப் பகுதி ஆந்திரத்தோடு சேர்ந்தது. திருப்பதி, காளத்தி, சித்தூர், புத்தூர் ஆகியன ஆந்திரத்திலேயே நீடித்தன. கேட்டவற்றுள் ஒரு பகுதியே கிடைத்தது. வேங்கடத்தை எல்லையாகக் கனவு கண்டவருக்குத் திருத்தணியே எல்லையாயிற்று. அவ்விழப்பு அவர் நெஞ்சில் நின்றது. எனினும், மொழியை அளவுகோலாகக் கொள்ளும் கொள்கை தமக்கு ஆதாயமாகும்போது மட்டுமன்றிப் பிறர்க்கு ஆதாயமாகும்போதும் கொள்கையே என்பதைச் சத்தியவேடு நமக்கு உணர்த்துகிறது.

சட்டமன்றத்தில்

மாநிலத்திற்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்ட வேண்டும் என்பது தமிழரசுக் கழகத்தின் நெடுநாளைய கோரிக்கை. அக்கோரிக்கையையும் முன்வைத்து உண்ணாநோன்பிருந்த தியாகி சங்கரலிங்கனார் 1956 இல் உயிர்நீத்தார். 1967 பொதுத்தேர்தலில் தி.மு.க. கூட்டணியின் சார்பில் தியாகராயநகர்த் தொகுதியிலிருந்து ம.பொ.சி. சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரு காலத்தில் அவரும் திராவிட இயக்கத்தாரும் எதிரெதிர் மேடைகளில் நின்றவர்கள். கருத்து வேற்றுமை இருந்தபோதும் தமிழுக்கான பணியில் ஒன்றுபட இருசாராரும் தயங்கவில்லை. அவ்வாண்டு ஜூலை 18 அன்று முதலமைச்சர் அண்ணா கொண்டுவந்த பெயர்மாற்றத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு என்னும் பெயர் நடைமுறைக்கு வந்தது.

பின்னாளில் ம.பொ.சி. சட்டமன்ற மேலவையின் தலைவரானார். 1986 இல் மேலவை நீக்கப்பட்டபோதும் அதன் தலைவர் அவரே. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், கற்றறிந்தோருக்கென்று கருதப்பட்ட அவையின் தலைமை இருக்கையில் அமர்ந்தார். வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு என்னும் நூலுக்காக 1966 ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதும் அவரை அடைந்தது. வ.உ.சிதம்பரனாரையும் வீரபாண்டிய கட்டபொம்மனையும் பற்றி அவர் எழுதிய நூல்கள் அவ்வீரர்களை மக்கள் நினைவில் நிலைநிறுத்தின.

நிறைவு

1995 அக்டோபர் 3 அன்று ம.பொ.சி. மறைந்தார். இன்று திருத்தணி, திருவள்ளூர் மாவட்டத்தின் ஒரு வட்டம். அங்குள்ள பள்ளிகளில் பிள்ளைகள் தமிழ்வழியில் கற்கின்றனர். எல்லையின் இருபுறமும் தமிழும் தெலுங்கும் பேசுவோர் கொண்டு கொடுத்து உறவாடி வாழ்கின்றனர். தெருவில் மக்களைத் திரட்டவும், அவையில் காரணம் காட்டி வாதிடவும், சட்டத்தின் முடிவு முழுமையாக மனத்துக்கு ஒவ்வாதபோதும் அதனை ஏற்றுப் பணியைத் தொடரவும் தெரிந்திருந்தவர் ம.பொ.சி. மக்கள் பிரதிநிதிக்கு இம்மூன்றும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்திருந்தாலும், திருத்தணியிலிருந்து காலையில் புறப்படும் தொடர்வண்டி இன்றும் வேற்று மாநிலத்திலிருந்தே வந்துகொண்டிருக்கக்கூடும்.