வடதிசையில் ஒரு வாயில்: திருநீலகண்ட யாழ்ப்பாணரின் வாழ்க்கை

தேவாரப் பாடல்களைக் கருவியில் வாசித்த முதல் கலைஞர் என்று சைவ மரபு போற்றுபவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரோடு ஊர் ஊராக நடந்து, அவர் பாடிய பதிகங்களைத் தம் யாழில் இசைத்தவர். அறுபத்துமூன்று நாயன்மார்களுள் ஒருவர் என்பதால் பெரிய சிவன் கோயில்களின் திருச்சுற்றில் இன்று அவருக்குச் சிலை இருக்கிறது, மாலை சாத்தப்படுகிறது. உயிரோடிருந்த காலத்தில் அவர் எங்கே நின்று வாசித்தார் என்பதை அந்தச் சிலைகள் சொல்வதில்லை. அவரைப் போற்றி எழுதப்பட்ட புராணமே அதைச் சொல்கிறது.

சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் இவர் பெயரைக் குறிப்பிட்டார். பின்னர் நம்பியாண்டார் நம்பி சுருக்கமாகப் பாடினார். விரிவான வரலாற்றை எழுதியவர் 12ஆம் நூற்றாண்டின் சேக்கிழார். பாணர் வாழ்ந்து ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தபின் எழுதப்பட்ட பெரியபுராணத்தை நேரில் கண்ட சாட்சியாக நாம் கொள்ள இயலாது. எனினும், ஒரு சாட்சி தன் தரப்புக்குப் பாதகமான செய்தியைத் தானே ஒப்புக்கொண்டால் நீதிமன்றம் அதற்குக் கூடுதல் மதிப்பளிக்கும். சைவத்தின் பெருமையைப் பாட வந்த நூல், சைவத்தின் மாபெரும் இசைக் கலைஞர் ஒருவர் கோயில் வாயிலுக்கு வெளியே நின்றார் என்பதை மறைக்கவில்லை. அந்த ஒப்புதலிலிருந்தே இவ்வாழ்க்கையை நாம் படிக்கத் தொடங்குகிறோம்.

பாணர் குடி

யாழ்ப்பாணர் பிறந்த ஊர் திருஎருக்கத்தம்புலியூர். கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்தை அடுத்த இராசேந்திரப்பட்டினம் என்று அவ்வூர் இன்று வழங்குகிறது. அவருடைய துணைவியார் மதங்கசூளாமணியாரும் இசையில் தேர்ந்தவர். கணவனும் மனைவியுமாகவே இருவரும் தலங்கள்தோறும் பயணம் செய்தனர்.

சங்க இலக்கியத்தில் பாணர் இரவலராக வருவர். எனினும் அரசவைக்குள் தடையின்றி நுழைந்தவர்கள் அவர்கள். மன்னனோடு அமர்ந்து உண்டதும், பொற்றாமரை சூட்டப்பெற்றதும், அவனுக்கு அறிவுரை கூறியதும் அப்பாடல்களில் பதிவாகியுள்ளன. பெரும்பாணாற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை என்னும் இரு நூல்கள் அவர்கள் பெயரையே தாங்கியுள்ளன. புறநானூற்றில் மாங்குடி கிழார் நான்கு குடிகளைச் சிறப்பித்துப் பாடும்போது துடியன், பாணன், பறையன், கடம்பன் என வரிசைப்படுத்துகிறார். நால்வருள் துடியும் யாழும் பறையும் ஏந்தியோர் மூவர். பக்தி இயக்கம் எழுந்து, கோயில் நிலவுடைமையின் நடுவிடமாக வளர்ந்தபோது இக்குடிகளின் இடம் மாறியது. அவர்களுடைய இசை கோயிலுக்குத் தேவைப்பட்டது. அவர்களுடைய உடலுக்கு அங்கே இடமில்லாமற்போனது.

மதுரையும் திருவாரூரும்

சோழநாட்டுத் தலங்களில் வாசித்தபின் யாழ்ப்பாணர் மதுரைக்கு வந்தார் என்கிறார் சேக்கிழார். ஆலவாய்க் கோயிலின் வாயிலில் நின்று யாழ் இசைத்தார். அன்றிரவு இறைவன் அடியார்கள் கனவில் தோன்றிக் கட்டளையிட, அவர்கள் மறுநாள் பாணரைச் சந்நிதிக்கு அழைத்துச் சென்றனர். அவர் அங்கே வாசித்துக்கொண்டிருக்கையில் வானில் ஒரு குரல் எழுந்தது: ஈரத் தரையின் குளிர்ச்சி பட்டால் யாழின் கட்டுத் தளர்ந்துவிடும், ஆகவே பலகை இடுக என்பது அதன் பொருள். பொற்பலகை இடப்பட்டது.

இக்கதையில் கருவியைப் பற்றிய உண்மையான அறிவு இருக்கிறது. யாழின் பத்தர் தோலால் போர்த்தப்பட்டது. அதன் நரம்புகள் விலங்கின் நரம்பால் முறுக்கப்பட்டவை. ஈரம் பட்டால் தோலும் நரம்பும் நெகிழும், சுருதி குலையும். கல் பாவிய குளிர்ந்த தரையில் வாசிக்க நேர்ந்த எந்தக் கலைஞரும் இதை அறிவார். நமக்கு இதில் வேறொன்றும் தென்படுகிறது. தெய்வக் குரல் கருவியின் நலனைக் காரணம் காட்டியே பலகை கேட்கிறது. கலைஞருக்கு இருக்கை வேண்டும் என்று அது நேராகச் சொல்லவில்லை.

மதுரையிலிருந்து பாண்டிநாட்டுத் தலங்களை வணங்கிவிட்டு அவர் திருவாரூர் சென்றார். பொற்பலகையில் அமர்ந்தவர் என்ற புகழ் அவருக்கு முன்பே அங்கு சென்றிருக்க வேண்டும் அன்றோ? ஆயினும் திருவாரூரிலும் அவர் வாயிலின் முன்னேயே நின்றார். அங்கே இறையருளால் வடதிசையில் வேறொரு வாயில் வகுக்கப்பட்டது. அதன்வழி உட்சென்று அவர் வணங்கினார்.

இவ்வாழ்க்கையின் மையம் இதுவே என்று நாம் கருதுகிறோம். மதுரையில் கிடைத்த அனுமதி திருவாரூரில் செல்லவில்லை. ஒவ்வோர் ஊரிலும் புதிதாக ஓர் அற்புதம் நிகழ வேண்டியிருந்தது. அற்புதம் நிகழ்ந்த இடத்திலும் பொதுவாயில் பிறருக்கே உரியதாக இருந்தது. பாணருக்கு வேறு வாயில் கிடைத்தது. அவருக்குப் பின் வேறொரு பாணர் அவ்வழியே சென்றார் என்று புராணம் எங்கும் கூறவில்லை. விதிவிலக்கு ஒருவருக்கு வழங்கப்படும். விதி அப்படியே நிற்கும். நந்தனார் தில்லையில் தீயைக் கடந்தே உள்ளே செல்ல முடிந்தது. திருவரங்கத்தில் திருப்பாணாழ்வாரை லோகசாரங்கர் தோளில் சுமந்து சென்றார் என்கிறது வைணவ மரபு. அவரும் பாணர் குடியினரே. இம்மூவருள் ஒருவரேனும் பிற பக்தர்களைப்போல இயல்பாக, யாருடைய கட்டளையுமின்றி, முன்வாயிலால் நடந்து சென்றதாகக் கதை இல்லை.

சம்பந்தரோடு

பின்னர் யாழ்ப்பாணர் சீகாழிக்குச் சென்று சம்பந்தரைக் கண்டார். அந்தணக் குழந்தையான சம்பந்தர் பாணரை மிக்க மரியாதையோடு விளித்து வரவேற்றதைச் சேக்கிழார் பதிவு செய்கிறார். ஆனால் காழிக் கோயிலிலும் அவர் பாணரை அழைத்துச் சென்று வாசிக்கச் செய்த இடம் புறமுன்றில். அன்றுமுதல் பதிகங்களை யாழில் இசைக்கும் பணியை யாழ்ப்பாணர் தம் வாழ்நாட்பணியாக ஏற்றார்.

திருச்சாத்தமங்கையில் திருநீலநக்கர் என்னும் அந்தணர் இல்லத்தில் அவர்கள் தங்கினர். பாணர்க்கும் துணைவியார்க்கும் இடம் தருமாறு சம்பந்தர் கேட்க, நீலநக்கர் வீட்டின் நடுவே வேள்வித் தீ வளரும் வேதிகையின் அருகே இடமளித்தார். தீ அணையவில்லை, வலஞ்சுழித்து ஓங்கியது என்கிறது புராணம். தீட்டுக் கோட்பாட்டை அதன் நடுவீட்டிலேயே மறுக்கும் காட்சி இது. பெரியபுராணத்தின் சிறந்த பக்கங்களுள் ஒன்றாக இதை மதிக்க நமக்குத் தயக்கமில்லை.

திருத்தருமபுரத்தில் நடந்தது வேறு. அது பாணருடைய தாயார் பிறந்த ஊர். அங்கிருந்த உறவினர்கள், சம்பந்தரின் பதிகங்கள் உலகெங்கும் பரவியதற்கு இவர் யாழில் இசைத்ததே காரணம் என்று பேசினர். உழைத்த குடி தன் உழைப்புக்குப் பெயர் கேட்ட அரிய தருணம் அது. ஆனால் பாணர் அதைக் கேட்டு நடுங்கினார் என்றும், யாழில் அடங்காத பதிகம் ஒன்றைப் பாடி உண்மையை விளக்குமாறு அவரே வேண்டினார் என்றும் கதை செல்கிறது. சம்பந்தர் பாடினார், யாழ் தொடர முடியவில்லை. பாணர் தம் கருவியை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்து, இயன்ற அளவு வாசிக்குமாறு ஆறுதல் கூறினார். அப்பதிகத்தின் பண்ணுக்கு யாழ்மூரி என்று பெயர்.

யாழின் அமைப்பை அறிந்தோர்க்கு இதில் வியப்பில்லை. யாழ் வீணையைப்போல மெட்டுகள் கொண்டதன்று. ஒவ்வொரு நரம்பும் ஒரு சுரத்துக்கே உரியது. வாசிப்பவர் நரம்பைத் திறந்தபடி மீட்டுகிறார். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குக் குரல் வளைந்து இழையும் கமகத்தை அதில் முழுமையாகக் கொண்டுவருவது அரிது. குரலுக்கும் நரம்புக்கும் இடையிலுள்ள இந்த இயல்பான வேறுபாட்டைப் புராணம் ஒரு படிநிலையாக மாற்றிவிட்டது. உறவினரின் கோரிக்கை நியாயமானதா என்ற கேள்விக்கு விடை அளிக்கப்படவில்லை. கலைஞர் தம் கையாலேயே தம் கருவியை முறிக்க முனையும் காட்சியோடு அக்கேள்வி மூடப்பட்டது.

இறுதியில் நல்லூர்ப் பெருமணத்தில் சம்பந்தரின் திருமணம். அங்கே தோன்றிய பேரொளியில் மணமக்களும் வந்திருந்தோரும் யாழ்ப்பாணரும் ஒருங்கே கலந்தனர் என்று வரலாறு முடிகிறது. வேறு வாயிலின்றி எல்லோரோடும் சேர்ந்து அவர் நுழைந்த இடம் அதுவே.

யாழ் போனது எங்கே?

தேவார ஏடுகளைச் சோழ மன்னன் மீட்ட கதையைத் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. ஏடு கிடைத்தது, பண் மறைந்திருந்தது. அதை அறிந்தவர் எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் வழிவந்த ஒரு பெண். அவரைக் கொண்டே பண்கள் மீண்டும் வகுக்கப்பட்டன. முதல் மூன்று திருமுறைகள் இன்றும் பண் வரிசையில் தொகுக்கப்பட்டிருப்பதைக் காணும்போதெல்லாம் அந்தப் பாணர் குலப் பெண்ணை நாம் நினைக்க வேண்டும்.

இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் நியமித்தான். ஐம்பதின்மருக்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் அளிக்கப்பட்டதைக் கல்வெட்டு கூறுகிறது. அந்த ஐம்பதின்மருள் யாழ் வாசிப்பவர் இல்லை. காலப்போக்கில் யாழே வழக்கொழிந்தது. இழந்த கருவியின் இலக்கணத்தை மீட்க ஈழத்து அறிஞர் விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து எழுதிய யாழ்நூல் 1947இல் வெளிவந்தது.

அருளும் உரிமையும்

பாணர் வாயிலில் நின்ற அதே மதுரைக் கோயிலில் 1939 சூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்டோர் நுழைந்தனர். அதையொட்டி இயற்றப்பட்ட 1939ஆம் ஆண்டுச் சட்டம், வழிபடுவோரின் கருத்து இசைவாக இருப்பதாக அறங்காவலர்கள் கருதினால் கோயிலைத் திறக்கலாம் என்றது. நுழைய அனுமதித்தோருக்குப் பாதுகாப்பும் தந்தது. இதுவும் ஒருவகை அருளே. அருள்பவர் மட்டும் மாறியிருந்தார். 1947இல் வந்த ஐந்தாம் சட்டமே விலக்கப்பட்டோர் நுழைவதை உரிமை என்று எழுதியது. பின்னர் அரசமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. வழிபாட்டிடத்தில் நுழைவதையும் ஊர்வலத்தில் பங்கேற்பதையும் தடுப்பது வன்கொடுமைக் குற்றம் என 2015ஆம் ஆண்டுத் திருத்தம் வெளிப்படையாக வரையறுத்தது.

இத்தனைக்குப் பின்னும் எத்தனையோ ஊர்களில் திருவிழாவுக்குப் பறை வேண்டும். பறை இசைப்பவர் எல்லைக்கு வெளியே நிற்க வேண்டும். உரிமை கேட்டால் வட்டாட்சியர் முன்னிலையில் அமைதிப் பேச்சுவார்த்தை நடக்கும். ஆண்டுக்கு ஒரு நாள் நுழையலாம், காவல்துறைப் பாதுகாப்போடு தனி நேரத்தில் வரலாம், பக்கவழியைப் பயன்படுத்தலாம் என்று உடன்பாடு எழுதப்படும். மறு ஆண்டு எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

அத்தகைய உடன்பாட்டில் கையொப்பமிடும் முன் நம் இளைஞர்கள் யாழ்ப்பாணரின் வாழ்க்கையை நினைக்க வேண்டுகிறோம். நமக்குக் காட்டப்படுவது ஊரார் அனைவரும் செல்லும் வாயில்தானா? அடுத்த ஆண்டும், அடுத்த ஊரிலும் அது திறந்திருக்குமா? இவ்விரு கேள்விகளுக்கும் ஆம் என்ற விடை எழுத்தில் கிடைக்காத வரை கையொப்பமிடத் தேவையில்லை.