நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள்

திருவண்ணாமலையைச் சூழ்ந்த சிற்றூர்களிற் பாரதக் கூத்து நிகழும் இரவுகளை நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். கிரீடமும் புஜகீர்த்தியும் பூண்டு, முகவீணையின் ஒலிக்கு இசைய விடியுமளவும் ஆடும் கூத்தர், தம் பாடத்தை வாத்தியாரிடம் செவிவழியாகக் கேட்டு நெஞ்சில் இருத்தியவர். அக்கூத்தைக் கண்டு வளர்ந்த யாம், நண்பர் சிலருடன் கூடி நாடகமொன்றிற்கு ஒத்திகை தொடங்கினோம். வசனம் மனத்தில் நிற்குமுன்னரே வாள் சுழற்றக் கற்றுக்கொண்டோம்! நடிப்பிற்கு முதற்பாடம் யாது என்னும் ஐயம் அப்பொழுதுதான் எமக்கு எழுந்தது. அதனாலேயே சங்கரதாஸ் சுவாமிகளின் சரித்திரத்தை நாடிச் சென்றோம்.

சுவாமிகள் 1867-ஆம் ஆண்டில், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியிற் பிறந்தார். பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்று, சிலகாலம் உப்புப் பண்டகசாலையிற் கணக்கராக இருந்து, தமது 24-ஆம் வயதில் நாடகத்துறை புகுந்தார்.

இரணியன், இராவணன், யமன், சனீசுவரன் ஆகிய உக்கிர வேடங்களே அவருக்கு உரியவாயின. அவர் யமனாகத் தோன்றியதைக் கண்ட கருவுற்ற பெண்ணொருத்திக்குக் கருச்சிதைவு நேர்ந்ததென்பர். சனீசுவர வேடத்தைக் கலைக்க வைகறையில் நீர்நிலைக்குச் சென்றவரை எதிர்ப்பட்ட மாதொருத்தி, அச்சத்தால் உயிர்துறந்தாள் என்றும் கூறுவர். சுவாமிகள் மனம் நொந்து வேடம் புனைதலை விட்டொழித்தார். அவையை நடுங்கச் செய்தலே நடிகனுக்குப் பெருமை என்று எண்ணியிருந்த எமக்கு, அவ்வாற்றலைக் கண்டு தாமே அஞ்சிய ஒருவரின் வரலாறு பெருவியப்பை அளித்தது.

பின்னர்த் துறவு மனத்தினராய்த் தலயாத்திரை செய்து மீண்டவர், நாடகம் இயற்றுதலையும் பயிற்றுவித்தலையுமே தம் தொழிலாகக் கொண்டார். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் தொடர்பால் தாள நுட்பமும் அவருக்குக் கைவந்தது. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் சரித்திரம், சத்தியவான் சாவித்திரி முதலாக ஏறத்தாழ 40 நாடகங்கள் அவர் இயற்றியவை.

அக்காலத்து வளர்ந்த நடிகர் பலர் எழுதிய பாடத்திற்கு அடங்குவதில்லை. மேடையில் வாய்க்கு வந்ததைப் பேசித் தம்முட் பிணங்கவும் செய்வர். ஆதலின் சுவாமிகள் சிறுவரை நாடினார். அவர் 1910-இல் தொடங்கிய சமரச சன்மார்க்க நாடக சபையிற் பயின்றவருள் எஸ். ஜி. கிட்டப்பா ஒருவர். 1918-இல் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபைக்கும் சுவாமிகளே ஆசிரியரானார். டி. கே. எஸ். சகோதரர்கள் அங்கேதான் அவருக்கு மாணவராயினர். பிள்ளைகள் ஓரிடத்தே உண்டு உறங்கிப் பாடம் கேட்டனர். பாட்டும் வசனமும் பிழையற மனனமான பின்னரே மேடை. மகரக்கட்டு வந்து குரல் உடையுங் காலத்து, அதுவரை பெண்வேடம் தாங்கிய சிறுவனும் வேறு வேடத்திற்கு மாறவேண்டும்; குரலையே முதலாகக் கொண்ட பிள்ளைக்கு அது எத்துணைக் கொடிய காலம்!

டி. கே. சண்முகம் சிறுவராயிருந்தபோதே அவருடைய திறன் கண்டு, அவர் நடித்தற்கென்றே அபிமன்யு சுந்தரி என்னும் நாடகத்தைச் சுவாமிகள் ஓரிரவில் இயற்றினார். விளக்கின் முன் எழுத அமர்ந்தவர், விடியுமுன் பாடலும் உரையாடலுமாக முடித்தெழுந்தார் என்பர். மாணவனுக்கு ஏற்ற வேடம் இல்லையெனின் அவ்வேடத்தை ஆசிரியரே படைத்தல் வேண்டும் என்று அவர் கருதினார் போலும்.

இத்துணைப் பிள்ளைகளுக்குப் பேசக் கற்பித்தவரை வாதநோய் பற்றியது. கைகாலும் முடங்கின, நாவும் எழவில்லை. 1922-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் புதுச்சேரியில் அவர் காலமானார்.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் இன்றும் ஸ்பெஷல் நாடகம் நடைபெறுகின்றது. வெவ்வேறூரிலிருந்து வரும் முருகனும் வள்ளியும் நாரதரும் அன்று மாலையே ஒருவரையொருவர் காண்பதுமுண்டு. ஒத்திகை ஏதுமின்றி இரவு முழுதும் வள்ளி திருமணம் நடக்கின்றது. சுவாமிகள் வகுத்த பாடம் அவரனைவர்க்கும் மனனம்.