கவிஞர் கூப்பரும் அவர்தம் உளநோயும்

உடலிற் பட்ட புண் சில நாளில் ஆறித் தழும்பாகிவிடுகின்றது. அத் தழும்பைத் தடவிப் பார்த்து, நோய் ஒழிந்தது என்று மனிதன் அமைதி கொள்கின்றான். உள்ளத்திற் பட்ட புண்ணும் அவ்வாறே ஒரு நாளில் ஆறி முடியும் என்றும், முடியாதாயின் அது நோயுற்றவனது குற்றமே என்றும் உலகத்தார் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பிழைபட்டதென்பதையும், சில வேளைகளில் அந் நோயினும் பெருந்தீங்கு விளைக்கவல்லதென்பதையும் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பரின் வரலாறு காட்டுகின்றது. ஜான் கில்பின் என்னும் நகைச்சுவைப் பாட்டினால் அவர் பெயரை அறிந்தோர் நம்மிற் பலர். அப் பாட்டைப் படித்து நகைத்தோருள், அதனை ஆக்கியவர் தம் வாழ்நாளில் ஐந்து முறை கொடிய மனச்சோர்வில் ஆழ்ந்தவர் என்பதை அறிந்தோர் சிலரே. ஆதலின் அவர் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

கூப்பர் 1731-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இங்கிலாந்து தேசத்தில் பெர்க்காம்ஸ்டெட் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் அவ்வூர்த் திருச்சபையின் குருவாக இருந்தவர். கூப்பருக்கு ஆறு வயது நிரம்பு முன்னரே, 1737-இல் அன்னையார் காலஞ்சென்றார். அதன்பின் சிறுவர் வெளியூர்ப் பள்ளியொன்றில் விடப்பட்டார். ஆங்கே மூத்த மாணவன் ஒருவன் அவரை இடைவிடாது துன்புறுத்தி வந்தான். அவனை நிமிர்ந்து முகம் பார்க்கவும் அஞ்சி வாழ்ந்த அக்காலத்தை அவர் முதுமையிலும் மறந்தாரல்லர். தாயின் அணைப்பை இழந்த குழந்தை அச்சத்தின் கையில் ஒப்புவிக்கப்பட்டது என்றே கூறவேண்டும்.

பின்னர் வெஸ்ட்மினிஸ்டர் பள்ளியிற் கல்வி பயின்று, சட்டம் கற்று, 1754-இல் வழக்கறிஞராக ஏற்றுக்கொள்ளப்பட்டார். ஆயினும் அத் தொழிலில் அவர் மனம் ஈடுபடவில்லை. தம் சிறிய தந்தையாரின் மகளாகிய தியடோரா என்பாரை அவர் காதலித்தார். அப் பெண்மணியின் தந்தையார் திருமணத்திற்கு இசையவில்லை. இக்காலத்திலேயே மனச்சோர்வு முதன்முறை அவரைப் பற்றியது. சில மாதங்களில் அது நீங்கியது. நீங்கிய நோய் திரும்பிவரும் என்று அவர் அப்பொழுது நினைக்கவில்லை.

1763-ஆம் ஆண்டில், பிரபுக்கள் சபையின் நடவடிக்கைக் குறிப்புகளைப் பேணும் எழுத்தர் பதவியை உறவினர் ஒருவர் அவருக்கு அளிக்க முன்வந்தார். நல்ல ஊதியமும் அமைதியும் உள்ள பதவி அது. ஆனால் அந் நியமனத்தைப் பற்றி எதிர்ப்பு எழுந்தமையால், சபையின் முன்னிலையில் நின்று தம் தகுதியை மெய்ப்பிக்கவேண்டிய நிலை அவருக்கு நேர்ந்தது. பலர் முன் நின்று பேசுவதை நினைத்த அளவிலேயே அவர் உள்ளம் நடுங்கிற்று. மாதக்கணக்காக ஏடுகளைப் புரட்டியும் ஒன்றும் மனத்திற் பதியவில்லை. நாள் நெருங்க நெருங்க அறிவு கலங்கித் தம் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். நல்லூழாக உயிர் பிழைத்தார். அவ்வாண்டு இறுதியில் உறவினர் அவரைச் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் டாக்டர் நதானியேல் காட்டன் நடத்திவந்த மருத்துவ விடுதியிற் சேர்த்தனர். மனநோயாளிகளைச் சங்கிலியாற் பிணித்து வைப்பது பல இடங்களில் வழக்கமாயிருந்த அக்காலத்தில், காட்டன் அன்பும் பொறுமையும் உடையவராய்த் திகழ்ந்தமை கூப்பர் பெற்ற பெரும்பேறாகும்.

ஏறத்தாழப் பதினெட்டு மாதம் அங்குத் தங்கி, 1765-இல் கூப்பர் வெளிவந்தார். அந் நாட்களில் அவர் உள்ளத்தில் சமயப் பற்று ஆழ வேரூன்றியது. தாம் முற்றும் குணமடைந்ததாகவும், இருள் என்றென்றைக்கும் நீங்கிவிட்டதாகவும் அவர் நம்பினார். கேம்பிரிட்ஜில் இருந்த தம் தம்பிக்கு அணித்தாக ஹண்டிங்டன் நகரிற் குடியேறினார். அங்கே மார்லி அன்வின் என்னும் குருவின் குடும்பத்தோடு நட்புக்கொண்டு, அவர்கள் இல்லத்திலேயே தங்கலானார். 1767-இல் அன்வின் குதிரையினின்று வீழ்ந்து இறந்தார். அவர் மனைவியார் மேரி அன்வின், கூப்பரைத் தம் குடும்பத்தினின்று பிரிக்கவில்லை. யாவரும் ஓல்னி என்னும் சிற்றூருக்குச் சென்று வாழத்தொடங்கினர்.

ஓல்னியில் குருவாயிருந்தவர் ஜான் நியூட்டன். முன்னாளில் அடிமை வாணிகக் கப்பலின் தலைவராயிருந்து, பின்னர் மனம் மாறியவர். அவர் கூப்பரைப் பாடல்கள் இயற்றத் தூண்டினார். அவ்விருவர் பாடல்களும் ஓல்னிக் கீதங்கள் என்னும் பெயரால் 1779-இல் வெளிவந்தன. ஆனால் அந் நூல் அச்சேறுமுன் பேரிடர் ஒன்று நிகழ்ந்தது. 1770-இல் கூப்பரின் தம்பி மறைந்தார். 1773-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பழைய இருள் மீண்டும் சூழ்ந்தது. தாம் கடவுளால் அடியோடு கைவிடப்பட்டதாக ஓர் இரவு கனவு கண்டார். அக்கனவை அவர் வெறுங்கனவாகக் கொள்ளாமல் இறுதித் தீர்ப்பாகவே கொண்டார். அதன்பின் இறக்கும்வரை ஆலயத்துள் வழிபடச் சென்றாரல்லர்.

ஈண்டு நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். 1763-இல் வந்த நோயும் 1773-இல் வந்த நோயும் தன்மையில் ஒன்றே. ஆயினும் இரண்டாம் முறை விளைந்த காயம் மிக ஆழமானது. ஏன்? முதன்முறை குணமடைந்தபோது, தாம் எல்லைக்கோட்டைக் கடந்துவிட்டதாக அவர் நம்பியிருந்தார். கடந்த கோட்டுக்கு இப்பால் நோய் திரும்பி வந்தமையால், முன்பெற்ற நலம் யாவும் பொய் என்றும், தாம் தகுதியற்றவர் என்றும் முடிவு செய்தார் என்றே எமக்குத் தோன்றுகின்றது. மனச்சோர்வு நோய் தணிந்தபின் மீண்டும் வரக்கூடியது என்றும், அது மீள்வது நோயாளியின் தோல்வி அன்று என்றும் இக்காலத்து மருத்துவர் கூறுவர். அவ்வொரு சொல்லை அன்று அவருக்குச் சொல்லுவார் இல்லை.

நியூட்டன் அவரைத் தம் இல்லத்திலேயே ஓராண்டுக்கு மேல் வைத்துக் காத்தார். மேரி அன்வின் இரவும் பகலும் பணிவிடை செய்தார். அந் நோயின் வேகத்தில், அவ்வம்மையாரே தம்மை வெறுப்பதாகக் கூப்பர் கருதினார். அம்மையாரோ சிறிதும் சலியாமல் அருகிருந்தார். ஊரார் அவதூறு பேசியதும் உண்டு. அதனையும் பொறுத்தார்.

1774-இல் சிறிது தெளிவு பிறந்தபோது, கூப்பர் முன்போலப் பெரிய நம்பிக்கை ஒன்றையும் கைக்கொள்ளவில்லை. சிறிய வேலைகளையே கைக்கொண்டார். அண்டை வீட்டுச் சிறுவர் வளர்த்துச் சலித்த முயற்குட்டி ஒன்று அவரிடம் கொடுக்கப்பட்டது. அதைக் கேள்வியுற்று மேலும் பலர் முயல்களைக் கொணர, அவற்றுள் மூன்றை அவர் வளர்த்தார். பஸ், டைனி, பெஸ் என்று அவற்றிற்குப் பெயரிட்டார். அவை உறங்குதற்குத் தம் கையாலேயே மரக்கூடுகள் செய்தார். பஸ் என்னும் முயல் நோயுற்றபோது அவர் பேணிக் காத்தமையால், அது அவர் மடியிலேறி அமரும் அளவுக்குப் பழகிற்று. டைனிக்கும் அதே உணவும் அதே அன்பும் அளித்தார். அதுவோ இறுதிவரை முரட்டுத்தனம் நீங்காமலே இருந்தது. பழகாத அம் முயலையும் அவர் வெறுத்து ஒதுக்காமல், ஒன்பது ஆண்டு வளர்த்து, இறந்தபோது அதற்கு ஓர் இரங்கற்பாவும் எழுதினார். 1784-இல் ஜென்டில்மன்ஸ் மாகசின் என்னும் இதழில் இம் முயல்களைப் பற்றி அவர் வரைந்த கட்டுரை இன்றும் படித்து இன்புறத்தக்கது. முயலிடத்துக் காட்டிய அப்பொறுமையை அவர் தம் உள்ளத்தினிடத்தும் காட்டியிருப்பாராயின் எவ்வளவு நலமாயிருக்கும் என்று நாம் ஏங்குகின்றோம்.

தோட்டவேலை, தச்சுவேலை, படம் வரைதல், வெள்ளரி பயிரிடுதல் ஆகியவற்றால் அவர் நாட்களை நிரப்பினார். இறுதியில் கவிதைக்குத் திரும்பினார். 1782-இல் அவர்தம் முதற் கவிதைத் தொகுதி வெளிவந்தபோது அவருக்கு வயது ஐம்பது. அவ்வாண்டிலேயே, அவர் சோர்ந்திருந்த ஒரு மாலையில், ஆஸ்டின் சீமாட்டி என்னும் நண்பர் ஜான் கில்பின் கதையைச் சொல்லி அவரைச் சிரிக்கவைத்தார், கதை பாட்டாயிற்று. தம் பாடல்களுள் மிகவும் நகைப்பூட்டுவன தாம் மிகத் துயருற்றிருந்த பொழுதில் எழுதியவையே என்று பின்னர் ஒரு கடிதத்தில் அவர் குறித்தார். அச் சீமாட்டியாரே ஒருநாள் சோபாவைப் பற்றிப் பாடுக என்று விளையாட்டாகப் பொருள் கொடுக்க, அதிலிருந்து ஆறு காண்டங்கள் கொண்ட டாஸ்க் என்னும் பெருங்கவிதை தோன்றி 1785-இல் வெளிவந்தது. வயலையும் ஆற்றையும் குளிர்கால மாலையையும் கண்டவாறே எளிய நடையிற் பாடிய அந் நூல் ஆங்கிலக் கவிதைக்குப் புதுவழி திறந்தது என்பர் அறிஞர்.

புகழ் வந்தமையால் நோய் ஒழிந்ததோ எனின், இல்லை. 1786-இல் அவர்கள் அருகிலிருந்த வெஸ்டன் அண்டர்வுட் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தனர். அங்குச் சென்ற சில நாளில் மேரி அன்வின் அம்மையாரின் மகனும் தம் உயிர்நண்பருமாகிய வில்லியம் அன்வின் இறந்தார். 1787-இன் முற்பகுதி முழுவதும் கூப்பர் நோய்வாய்ப்பட்டிருந்தார். எழுந்தவர் மறுபடியும் எழுதுகோலைக் கையிலெடுத்தார். 1788-இல் அடிமை வாணிகத்தைக் கண்டித்துப் பாடல்கள் இயற்றினார். தம் துன்பத்தினின்று முற்றும் விடுபடாதவர், கடல்கடந்து விற்கப்பட்ட மக்களின் துன்பத்திற்காகக் குரல் கொடுத்தார். ஹோமரின் இலியாதையும் ஒதிசியையும் நாள்தோறும் சிறிது சிறிதாக மொழிபெயர்த்து 1791-இல் வெளியிட்டார்.

1790-இல் உறவினர் ஒருவர் கூப்பரின் அன்னையாரின் உருவப்படத்தை அவருக்கு அனுப்பினார். அன்னையார் இறந்து ஐம்பத்திரண்டு ஆண்டு கழிந்திருந்தது. ஐம்பத்தெட்டு வயதான கவிஞர் அப் படத்தைக் கண்டு ஆறு வயதுக் குழந்தைபோல் உருகினார். அவ்வுருக்கத்திற் பிறந்த பாட்டு அவர்தம் பாடல்களுள் தலைசிறந்தவற்றுள் ஒன்று. அரைநூற்றாண்டு கழிந்தும் அப் புண் ஆறவில்லையே என்று இரங்குவோர் உளர். யாம் வேறுவிதமாக எண்ணுகின்றோம். குழந்தைப் பருவத்தில் வாய்விட்டு அழ இயலாத அழுகையை முதுமையில் அழுது, அதற்குச் சொல்லும் கொடுத்தாரன்றோ? அதுவும் ஆறுதலின் ஒரு படியே.

1791-இன் இறுதியில் மேரி அன்வின் பாரிசவாத நோயால் தாக்குண்டார்; மறு ஆண்டில் மீண்டும் தாக்குண்டார். இப்பொழுது பணிவிடை செய்யும் முறை கூப்பருடையதாயிற்று. அவர் தம்மால் இயன்றவரை அதனைச் செய்தார். 1794-இல் அவர் உள்ளம் மீண்டும் இருண்டது. அவ்வாண்டு அரசாங்கம் அளித்த முந்நூறு பவுன் உதவிச் சம்பளமும் அவருக்கு மகிழ்ச்சி தரவில்லை. 1795-இல் ஜான் ஜான்சன் என்னும் இளைய உறவினர் இருவரையும் நார்போக் நாட்டிற்கு அழைத்துச் சென்று காத்தார். 1796 டிசம்பரில் அம்மையார் மறைந்தார். 1799-இல், கப்பலினின்று கடலில் வீழ்ந்து கைவிடப்பட்ட மாலுமி ஒருவனைப் பற்றிய துயரப்பாட்டைக் கூப்பர் இயற்றினார். 1800 ஏப்ரல் 25-ஆம் நாள், அறுபத்தெட்டாம் வயதில், ஈஸ்ட் டீரம் என்னும் ஊரில் உயிர்நீத்தார்.

இவர் குணமடைந்தாரா, இல்லையா? இறுதி நாளை மட்டும் நோக்குவோர் இல்லை என்பர். அவ்வாறு கூறுவது, மாலையில் இருண்டமையால் பகலே இல்லை என்று கூறுவதை ஒக்கும். 1774 முதல் இருபது ஆண்டு அவர் நட்ட செடிகளும், வளர்த்த உயிர்களும், எழுதிய நூல்களும், ஆங்கில மொழியிற் சிறந்தவை எனப் போற்றப்படும் கடிதங்களும், ஓல்னியில் லேஸ் பின்னும் ஏழைகளுக்கு அவர் தேடிக்கொடுத்த உதவியும் பொய்யாகிவிடா. அவை யாவும் நோய் நீங்கியபின் செய்தவை அல்ல. நோயோடு வாழ்ந்துகொண்டே செய்தவை. ஒவ்வொரு முறையும் வீழ்ந்து ஒவ்வொரு முறையும் எழுந்தமையே அவர் பெற்ற குணம்.

அவர் ஓல்னியில் வாழ்ந்த இல்லம் 1900 முதல் நினைவுச்சாலையாக விளங்குகின்றது. அதன் தோட்டத்தில் அவர் இருந்து எழுதிய சிறு குடில் இன்றும் நிற்கின்றது.

மாணவ நண்பர்களே, விடுதியிலோ வகுப்பிலோ துயருற்ற தோழன் ஒருவன் சில மாதம் தெளிந்திருந்து மீண்டும் வாடக் காண்பீராயின், இன்னுமா ஆறவில்லை என்று கேளாதீர். அக் கேள்வி அவன் காதில் தீர்ப்பாக ஒலிக்கும். மேரி அன்வின் செய்ததுபோல் அருகிருங்கள். மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். அவன் கைக்கு ஏற்ற சிறு வேலை ஒன்றைக் காட்டுங்கள். வாடுபவர் நீவிரேயாயின், நேற்றைய தெளிவு மெய்யே என்பதையும், இன்றைய இருள் அதனை அழித்துவிடாது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்; துயரை உள்ளே பூட்டி வையாமல் நம்பத்தக்க ஒருவரிடம் இன்றே கூறுங்கள். கூப்பருக்கு ஒருவரும் சொல்லாத அச் சொல்லை நாம் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்வோமாக.