மெக்லீனின் மலிவான பாம்பு

டாப் கன் படம் பார்த்திருப்பீங்க. போர் விமானத்தின் இறக்கையில் தொங்கும் அந்த ஒல்லியான ஏவுகணையின் பெயர் சைட்வைண்டர். 1956இல் பணிக்கு வந்தது, இன்னும் ஓய்வு பெறவில்லை. அதை உருவாக்கியவர் வில்லியம் மெக்லீன். குறி வைத்துத் தாக்கும் ஆயுதங்களின் விலை எகிறிக்கொண்டே போவதைப் பற்றி இன்று எல்லாரும் பேசுறாங்க. அந்த விலை எங்கே தீர்மானமாகிறது என்று தெரியணும்னா இவர் கதையைப் படிச்சே ஆகணும்.

1914இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் பிறந்தார். கால்டெக்கில் இயற்பியல் படித்து 1939இல் பிஎச்.டி. முடித்தார். இரண்டாம் உலகப்போரில் ஆயுத ஆராய்ச்சி செய்துவிட்டு, 1945இல் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் சைனா லேக் என்ற இடத்தில் இருந்த கடற்படைச் சோதனை நிலையத்தில் சேர்ந்தார். சுற்றிலும் மணல், நடுவில் லேப். வேலை முடிந்த பிறகும் வீட்டு கராஜில் கையால் எதையாவது செய்துகொண்டே இருப்பார். பேப்பரில் மட்டும் டிசைன் பண்ற ஆள் இல்லை.

அப்போது ஜெட் விமானங்கள் வேகமாகிவிட்டன, துப்பாக்கியால் சுட்டு வீழ்த்துவது கஷ்டம். எல்லாரும் யோசித்த வழி, விமானத்தில் பெரிய ரேடாரும் கணிப்பானும் வைத்து ஏவுகணையை வழிநடத்துவது. மெக்லீன் மூளையை ஏவுகணைக்குள்ளேயே வைக்க நினைத்தார். எதிரி எஞ்சின் விடும் வெப்பத்தை அதுவே பார்க்கட்டும், அதுவே துரத்தட்டும். விமானி காதில் ஒரு உறுமல் சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கணும், அவ்வளவுதான். சிக்கல் என்னன்னா, கடற்படை இதைக் கேட்கவே இல்லை. பட்ஜெட் இல்லை. ஃப்யூஸ் ஆராய்ச்சி என்ற பெயரில் கிடைத்த சில்லறைப் பணமும், ஓய்வு நேரத்தில் வந்து உழைத்தவர்களும்தான் பல வருஷம் இதை ஓட்டினார்கள். முறையான நிதி 1951க்குப் பிறகுதான் வந்தது.

டிசைனைப் பாருங்க, அதுதான் விஷயமே. ஜங்ஷனை நோக்கி பைக்கில் போறீங்க, பக்கத்து ரோட்டில் ஒரு பஸ் வருது. அது தெரியும் கோணம் மாறாமல் உருவம் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதல் நிச்சயம். சைட்வைண்டர் இதைத்தான் வேண்டுமென்றே செய்யும்: கோணம் மாறினால் திரும்பி அதைச் சரிசெய்யும். தூரமோ வேகமோ அளக்கத் தேவையில்லை. முன் துடுப்புகளை ஓர் அளவு திருப்புவதற்குப் பதில், ஓர் அளவு விசையால் தள்ளினார். காற்று அடர்ந்த இடத்தில் துடுப்பு கொஞ்சமாகத் திரும்பும், மெலிந்த உயரத்தில் நிறையத் திரும்பும். உயரத்தைக் கணக்கிட ஒரு தனி சர்க்யூட் மிச்சம். வால் துடுப்புகளின் மூலையில் பல் வைத்த குட்டிச் சக்கரங்கள். காற்றே அவற்றைச் சுழற்றும், சுழலும் சக்கரம் ஏவுகணை உருளாமல் பிடித்துக்கொள்ளும். கரண்ட் வேண்டாம், கம்பி வேண்டாம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்தச் சக்கரம்தான். உடம்புக்கு ஏற்கெனவே இருந்த 5 அங்குல ராக்கெட் குழாய். மொத்தத்தில் அசையும் பாகங்கள் 24க்கும் குறைவு, எலக்ட்ரானிக்ஸ் ஒரு டேபிள் ரேடியோ அளவு. மலிவு என்பது கடைசியில் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் பேரம் பேசி வாங்கியது இல்லை, முதல் ஸ்கெட்ச்சிலேயே இருந்தது.

1953 செப்டம்பரில் ஆளில்லா விமானம் ஒன்றை முதல்முறை அடித்தது. பெயர், வெப்பத்தை உணர்ந்து வேட்டையாடும் பாலைவனப் பாம்பினுடையது. 1955இல் விமானப்படையின் ஃபால்கன் ஏவுகணையோடு போட்டி வந்தது. அந்த அணி ஏகப்பட்ட சோதனைக் கருவிகளோடு வந்ததாம், மெக்லீன் ஆட்கள் ஓர் ஏணியும் ஒரு டார்ச் லைட்டும் கொண்டுவந்தார்களாம். கடைசியில் விமானப்படையே சைட்வைண்டரை வாங்கியது.

எளிமைக்கும் ஒரு விலை உண்டு. 1958இல் தைவான் விமானங்கள் இதைச் சீன மிக்-17கள் மேல் ஏவின. போரில் முதல் பயன்பாடு அதுதான். ஓர் ஏவுகணை வெடிக்காமல் ஒரு மிக்கில் செருகி நின்றுவிட்டது. விமானம் அப்படியே தரையிறங்கியது, ஏவுகணை சோவியத் பொறியாளர்கள் கைக்குப் போனது. பிரித்துப் பார்த்து கே-13 என்று காப்பி அடித்துவிட்டார்கள். செய்வதற்கு எளிதானது காப்பி அடிக்கவும் எளிதுதானே? 1971 போரில் பாகிஸ்தான் சேபர்களில் சைட்வைண்டர், நம்ம மிக்-21களில் கே-13. இரண்டு பக்கமும் பறந்தது மெக்லீனின் டிசைன்.

குறையும் இருந்தது. எதிரியின் பின்னாலிருந்துதான் ஏவ முடியும், சூரியனைப் பார்த்தால் குழம்பும், சட்டென்று வளைபவனை விட்டுவிடும். வியட்நாமில் 1965-68இல் ஏவியவற்றில் ஐந்தில் ஒன்றுகூட இலக்கை வீழ்த்தவில்லை. ஐந்து ஏவினால் ஒன்று படும் என்றால் அதை மலிவு என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஃபால்கன் அங்கே இன்னும் சொதப்பியது. அதைக் கழற்றிவிட்டு மறுபடி சைட்வைண்டருக்கே வந்தார்கள்.

மெக்லீன் 1967இல் சைனா லேக்கை விட்டு சான் டியேகோ போய், ஆழ்கடல் வேலையில் இறங்கினார். கண்ணாடியால் ஆன நீர்மூழ்கி, டால்பின் ஆராய்ச்சி என்று போனது வாழ்க்கை. 1976இல் 62 வயதில் இறந்தார்.

அவர் போன பிறகும் பாம்பு வளர்ந்துகொண்டே இருந்தது. முன்னாலிருந்தும் ஏவ வேண்டும், எதிரி வீசும் தீப்பந்தங்களில் ஏமாறக்கூடாது, விமானி தலையைத் திருப்பிப் பார்க்கும் பக்கம் பாய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். ஒவ்வொன்றும் நியாயமான தேவைதான், ஒவ்வொன்றுக்கும் பில் உண்டு. இன்றைய ஏஐஎம்-9எக்ஸ் ஒன்றின் விலை 4 லட்சம் டாலரைத் தாண்டும். 2023 பிப்ரவரியில் அமெரிக்கா வானில் வந்த ஒரு சீன பலூனை வீழ்த்த இதைத்தான் ஏவினார்கள். அடுத்த வாரம் ஹூரான் ஏரி மேல் இன்னொரு அடையாளம் தெரியாத பொருள். முதல் ஏவுகணை குறி தவறி ஏரிக்குள் விழுந்தது, இரண்டாவதுதான் அடித்தது.

விட்டம் மட்டும் இன்னும் அதே 5 அங்குலம்.