கடல் கடந்த கல்விக்கொடை
வீர்சந்த் ராகவ்ஜி காந்தி வாழ்வும் தொண்டும்

இல்லறத்தார் ஆற்ற வேண்டிய கடமைகளுள் தானத்திற்குச் சிறப்பிடம் தந்தனர் நம் ஆசாரியப் பெருமக்கள். உணவு, மருந்து, அபயம், சாத்திரம் என அதனை நான்காக வகுத்தும் காட்டினர். இவற்றுள் சாத்திர தானம் என்பது அறிவைக் கொடுத்தலாகும். உணவு ஒரு வேளைப் பசியைத் தீர்க்கும். அறிவோ பிறவிப் பயனையே உணர்த்தும்.

வாயிலில் வந்து நிற்போர்க்கு ஈதல் நமக்குப் பழகிய அறம். ஆனால், முன்பின் அறியாத வேற்று நாட்டிற்குச் சென்று, அந்நாட்டார் முன் நின்று, தம் நாட்டுப் பெண்மக்களின் கல்விக்காகப் பொருளுதவி வேண்டிய ஜைனப் பெருமகன் ஒருவர் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்தார் என்பதை நம்முள் பலர் அறியார். அவரே வீர்சந்த் ராகவ்ஜி காந்தி. சிகாகோ சர்வ சமயப் பேரவையில் ஜினதர்மத்தை எடுத்துரைத்தவர் என்ற அளவில் அவர் பெயர் பேசப்படுகிறது. பேரவை முடிந்த பின்னர் அவர் ஆற்றிய கல்வித் தொண்டோ அத்துணை பேசப்படுவதில்லை. அதனை மையமாகக் கொண்டு அவர் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

இளமையும் கல்வியும்

சௌராட்டிர நாட்டில் பவநகரை அடுத்துள்ள மகுவா என்னும் கடற்கரை ஊரில் 1864ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் வீர்சந்த் பிறந்தார். தந்தையார் ராகவ்ஜி, நகை வணிகர், அறநெறி வழுவாதவர். அன்னையார் மான்பாய். குடும்பம் சுவேதாம்பர மரபைச் சார்ந்தது. தமிழகத்தில் வாழும் நாம் திகம்பர மரபினர் எனினும், இவர்தம் தொண்டு இரு மரபினர்க்கும் பொதுவாய் அமைந்ததைப் பின்னர்க் காண்போம்.

மகுவாவில் தொடக்கக் கல்வி முடித்த வீர்சந்தை, மேற்படிப்பிற்காகத் தந்தையார் பவநகருக்கு அனுப்பினார். 1880இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் அங்கு முதலிடம் பெற்றார். பரிசாகக் கிடைத்த உதவித்தொகையுடன் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்து, 1884இல் பி.ஏ. பட்டம் சிறப்பு நிலையில் பெற்றார். ஜைன சமூகத்தில் பட்டதாரிகள் மிக அரியராய் இருந்த காலம் அது. பிறர் அளித்த உதவித்தொகையால் தாம் உயர்ந்ததை அவர் மறக்கவில்லை என்பதற்கு அவருடைய பிற்கால வாழ்வே சான்று.

தலங்களைக் காத்த தொண்டு

1885இல், தம் 21ஆம் வயதில், இந்திய ஜைன சங்கத்தின் கௌரவச் செயலாளராக அவர் பொறுப்பேற்றார். அக்காலத்தில் ஆதிபகவனின் திருத்தலமான சத்ருஞ்ஜய மலைக்குச் செல்லும் யாத்திரிகரிடம் பாலிதானா அரசர் தலைவரி வாங்கி வந்தார். அடியார் பலர் இதனால் அல்லலுற்றனர். வீர்சந்த், பம்பாய் ஆளுநர் ரே பிரபுவையும் கர்னல் வாட்சனையும் அணுகி நிலைமையை விளக்கினார். அதன் பயனாக 1886இல் தலைவரி நீங்கியது. அதற்கு ஈடாக, ஆண்டுக்கு 15,000 ரூபாய் என 40 ஆண்டுகளுக்கு ஒரே தொகை வரையறுக்கப்பட்டது.

இருபது தீர்த்தங்கரர் வீடுபேறெய்திய சம்மேத சிகர்ஜி மலைக்கும் இடுக்கண் நேர்ந்தது. போடம் என்னும் ஆங்கிலேயர் அங்குப் பன்றிகளைக் கொன்று கொழுப்பெடுக்கும் ஆலை ஒன்றை நிறுவினார். இவ்வழக்கிற்காக வீர்சந்த் கல்கத்தா சென்றார். பழைய ஆவணங்களும் சாசனங்களும் வங்கமொழியில் இருக்கக் கண்டு, மொழிபெயர்ப்பாளரை நம்பியிராமல் ஆறு திங்கள் அங்கேயே தங்கி அம்மொழியைக் கற்றார். ஆவணங்களைத் தாமே ஆராய்ந்து வழக்கிற்குரிய சான்றுகளைத் திரட்டினார். ஆலை மூடப்பட்டது. வாய் பேசா உயிர்கட்கு அவர் அளித்த அபய தானம் இதுவாகும். யாத்திரையாகச் சிகர்ஜி மலையேறும் தமிழ்ச் சமணரும் இதற்குக் கடப்பாடுடையரே.

ஏறக்குறைய அக்காலத்தில் இங்கிலாந்திலிருந்து வழக்கறிஞராகத் திரும்பிய மோகன்தாஸ் கரம்சந்த் காந்தியும், சொலிசிட்டர் தேர்வுக்குப் பயின்றுகொண்டிருந்த வீர்சந்தும் பம்பாயில் நண்பராயினர். உணவு முறை பற்றிய சோதனைகளில் வீர்சந்த் தமக்குத் துணையாய் இருந்ததை மகாத்மா தம் சுயசரிதையில் குறித்துள்ளார்.

சிகாகோ பயணம்

1893இல் சிகாகோவில் சர்வ சமயப் பேரவை கூட்டப்பட்டபோது, ஆத்மாராம்ஜி என வழங்கப்பெற்ற விஜயானந்த சூரி ஆசாரியருக்கு அழைப்பு வந்தது. கால்நடையாகவே செல்லும் துறவு விரதம் பூண்ட ஆசாரியர் கப்பலேற இயலாது. எனவே தம் சார்பில் வீர்சந்தைத் தேர்ந்து, தம்மருகிருத்திப் பாடம் சொல்லி அனுப்பி வைத்தார். கடல் கடப்பது ஆசாரக் கேடு என்று எண்ணியோர் சமூகத்தில் பலர் இருந்தனர். அவர்களுடைய எதிர்ப்பையும் மீறி, 29 வயது இளைஞர் கப்பலேறினார்.

செப்டம்பர் 11ஆம் நாள் பேரவை தொடங்கியது. விவேகானந்த சுவாமிகள் உலகப் புகழ் பெற்ற அதே மேடையில், கத்தியவார் தலைப்பாகையுடன் தோன்றிய வீர்சந்த், ஜைன தத்துவத்தையும் ஒழுக்கத்தையும் தெளிவுற விளக்கினார். பேரவையில் ஒரு பாதிரியார் தென்னிந்தியக் கோயில்களைச் சார்ந்த பெண்களைச் சுட்டி இந்து சமயத்தைப் பழித்துப் பேசினார். பழிக்கப்பட்டது ஜைன சமயமன்று, வீர்சந்த் வாளாவிருந்திருக்கலாம். ஆயினும் அவர் எழுந்து, தம் நாட்டாரின் மானத்தைக் காக்கும் வகையில் அமைதியாக மறுமொழி கூறினார். அயல்நாட்டில் தம்மை ஜைனர் என்று மட்டும் கருதாமல், இந்தியர் அனைவர்க்கும் பிரதிநிதியாகவே அவர் கருதினார்.

பெண்கல்விச் சங்கம்

பேரவை முடிந்ததும் ஊர் திரும்பியிருந்தாலும் அவருக்குப் புகழ் குறைந்திராது. எனினும் ஏறத்தாழ ஈராண்டுகள் அமெரிக்காவிலேயே தங்கிப் பாஸ்டன், நியூயார்க், வாஷிங்டன் முதலிய நகரங்களில் சொற்பொழிவாற்றினார். 1894 ஆகஸ்டு 8ஆம் நாள் கசாடகா நகரத்தார் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்துப் பாராட்டினர்.

இந்தச் செல்வாக்கை அவர் பயன்படுத்திய வகையே நாம் கருதத்தக்கது. மேடையில் இந்தியப் பெண்டிரின் மானத்தைக் காத்தவர், அவர்கள் கல்வியிற் பின்தங்கியிருந்த உண்மையை மறைக்கவில்லை. 1901ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கின்படி, எழுத்தறிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பிறர் பழித்தால் மறுக்க வேண்டும். குறை உண்டெனில் நீக்கவும் வேண்டும். முன்னதை மட்டும் செய்து மன நிறைவு கொள்வோர் பலர். வீர்சந்த் இரண்டையும் செய்தார்.

சிகாகோவில் இந்தியப் பெண்களின் கல்விக்கென ஒரு சங்கத்தை அவர் நிறுவினார். ஹோவர்டு அம்மையார் அதன் செயலாளராகப் பணியாற்றினார். இவ்வம்மையார் வீர்சந்தின் உரைகளால் ஈர்க்கப்பெற்றுப் புலாலை நீத்து ஜைன நெறியைத் தழுவியவர். இந்தியப் பெண்களை அமெரிக்காவிற்கு வரவழைத்து, உயர்கல்வி பெறச் செய்து, மீண்டும் தாயகத்திற்கு அனுப்பித் தம் சகோதரிகட்கு அவர்கள் கற்பிக்கச் செய்வதே சங்கத்தின் நோக்கம். கற்றவர் ஒருவர் திரும்பினால் நூறு வீடுகளில் விளக்கேறும் என்பதே இத்திட்டத்தின் அடிப்படை.

இதற்கு முன்னும் முயற்சிகள் நடந்துள்ளன. ஆனந்திபாய் ஜோஷி அம்மையார் பென்சில்வேனியா சென்று 1886இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே மறைந்தார். பண்டித ரமாபாய் அம்மையாருக்கு உதவ 1887இல் பாஸ்டனில் ஒரு சங்கம் அமைந்தது; அதன் பொருளுதவியால் 1889இல் பம்பாயில் சாரதா சதனம் தோன்றியது. எனினும் மதமாற்றம் பற்றிய ஐயம் எழவே, 1893இல் பல பெற்றோர் தம் பெண்களை அங்கிருந்து அழைத்துக்கொண்டனர். அயலார் தரும் பொருளோடு அயலார் சமயமும் வீட்டினுள் நுழையும் என்ற அச்சம் அந்நாளில் பரவியிருந்தது. இத்தகைய சூழலில், தன் சமய ஒழுக்கத்தில் இம்மியும் வழுவாத ஜைன இல்லறத்தார் ஒருவர் முன்னின்று நடத்திய சங்கம் என்பதே பெற்றோரின் ஐயத்தை நீக்கவல்லதாய் இருந்திருக்கும் என்று நாம் கருதுகிறோம்.

பெண்கல்வி என்பது மேல்நாட்டாரிடம் அவர் கடன் வாங்கிய கருத்தன்று. ஆதிபகவன் தம் மகளிருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்பது நம் புராணம். தமிழகத்திலும் கல்வி கற்பித்த சமணப் பெண்துறவியர் குரத்தியர் எனப் போற்றப்பெற்றனர். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 945 அளவில், விளாப்பாக்கத்தில் பட்டினிக் குரத்தி அடிகள் அமைத்த பெண்பள்ளியைக் கல்வெட்டு குறிக்கின்றது. துறவியர் உறைந்த பள்ளி என்னும் சொல்லே இன்று கல்விக்கூடத்திற்குப் பெயராய் வழங்குகிறது. வீர்சந்த் வேண்டியது இழந்த செல்வத்தின் மீட்சியே.

ஊரார் தந்த வரவேற்பு

பெருங்குளிர் வாட்டும் அந்நாட்டிலும் அவர் மரக்கறி உணவையன்றிப் பிறிதொன்றைத் தீண்டவில்லை. 1894ஆம் ஆண்டு நவம்பரில் விவேகானந்த சுவாமிகள் ஜுனாகட் திவானுக்கு எழுதிய மடலில் இவ்வுறுதியை வியந்து பாராட்டினார். நாட்டுக்காகவும் சமயத்திற்காகவும் இவ்வாறு பாடுபடும் ஒருவரை, அனுப்பியவர்களே சாதியினின்று விலக்க முயல்கின்றனரே என்றும் அவர் வருந்தினார்.

சுவாமிகள் கூறியவாறே நிகழ்ந்தது. 1895இல் தாயகம் திரும்பிய வீர்சந்தை வாழ்த்தியோரும் உண்டு. கடல் கடந்த குற்றத்திற்காகச் சமூக விலக்குச் செய்யத் துடித்தோரும் உண்டு. ஆத்மாராம்ஜி ஆசாரியர் தம் மாணவர்க்கு அரணாய் நின்றார். வீர்சந்த் எவரையும் பகைக்கவில்லை, தொண்டையும் நிறுத்தவில்லை. 1896இல் ஆசாரியர் மறைந்தார். அவ்வாண்டிலேயே வீர்சந்த் மீண்டும் அமெரிக்கா சென்றார்.

பஞ்சத்தில் உதவிய கை

1896-97இல் இந்தியாவைக் கொடும் பஞ்சம் பற்றியது. கல்விக்காகக் கேட்ட அதே மேடைகளில் அவர் இப்போது உணவுக்காகக் கேட்டார். சர்வ சமயப் பேரவையைக் கூட்டியோருள் முதன்மையான சார்லஸ் பானி முதலிய நண்பர்களின் துணையுடன் நிவாரணக் குழு அமைந்தது. சான்பிரான்சிஸ்கோவிலிருந்து தானியம் நிறைந்த கப்பல் ஒன்று கல்கத்தாவிற்குச் சென்றது. 40,000 ரூபாய் அளவில் பொருளும் அனுப்பப்பட்டதாக அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பர். அவரை விலக்க எண்ணிய நாட்டிற்கே அவர் உணவு அனுப்பினார்.

நண்பர்களும் மாணவர்களும் முன்பே இருந்தமையால்தான் பஞ்சம் வந்தபோது கேட்ட உடனே கொடுக்கும் கைகள் நீண்டன. பேச்சால் மதிப்பையும், ஒழுக்கத்தால் நம்பிக்கையையும் முன்னர் ஈட்டியிருந்தார். நம்பிக்கை இல்லாத இடத்தில் நன்கொடை பிறவாது.

இறுதி நாட்கள்

பின்னர் இலண்டனில் சட்டம் பயின்றவாறே ஜைன நெறியைக் கற்பித்தார். அவரிடம் பாடங்கேட்ட ஹெர்பர்ட் வாரன் என்னும் ஆங்கிலேயர் புலால் நீத்து ஜைனரானார். ஆசிரியரின் உரைகளைக் குறிப்பெடுத்து அவர் ஆக்கிய நூல் 1912இல் நம் சென்னையிலேயே அச்சாகி வெளிவந்தது. வீர்சந்தின் குரல் இவ்வாறு தமிழ்மண்ணையும் எட்டியது.

ஓய்வறியா உழைப்பு உடலை உருக்கியது. நோயுற்று 1901 ஜூலையில் தாயகம் திரும்பிய வீர்சந்த், ஆகஸ்டு 7ஆம் நாள் பம்பாய் அருகே உயிர் நீத்தார். 37 வயது நிறைவதற்கு இன்னும் 18 நாட்களே இருந்தன. மனைவியார் ஜீவிபாயும் மகனும் துயருற்றனர். தாம் தொடங்கிய பெண்கல்வித் திட்டம் முழுமையாகக் கனிவதை அவர் காணவில்லை. 2002இல் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. சிகாகோ ஜைன ஆலய வளாகத்தில் அவர் திருவுருவச் சிலை நிற்கின்றது.

நம் கடமை

அன்று ஒருவர் கப்பலேறியதற்கே ஊர் திரண்டு எதிர்த்தது. இன்றோ வந்தவாசி, திண்டிவனம், ஆரணி, செய்யாறு வட்டாரச் சமணக் குடும்பங்களின் பிள்ளைகள் கல்விக்கும் பணிக்கும் சுற்றுலாவிற்குமாகப் பல நாடுகளுக்குச் சென்று வருகின்றனர். நாம் அவர்களை வழியனுப்பும்போது ஊறுகாயும் பருப்புப் பொடியும் கட்டிக் கொடுக்கின்றோம். உணவு ஒழுக்கம் தவறாதிருக்கவும் சொல்லி அனுப்புகின்றோம். அத்துடன் வீர்சந்தின் வரலாற்றையும் சொல்லி அனுப்புதல் நன்று.

செல்லும் இடத்தில் ஓய்ந்த பொழுதில் ஒரு கல்விப் பணிக்கு உடலுழைப்புத் தரலாம். நண்பர் நால்வரிடம் கேட்டு, நம் சிற்றூர்ப் பிள்ளை ஒருவரின், சிறப்பாகப் பெண்பிள்ளை ஒருவரின், படிப்புச் செலவை ஏற்கலாம். கேட்பதற்கு நாணுவோர், வீர்சந்த் கேட்டது தமக்காக அன்று என்பதை நினைவில் கொள்ளட்டும். கேட்டுப் பெற்றதற்குக் கணக்கும் காட்ட வேண்டும். பொய்யாமையும் கள்ளாமையும் நம் அணுவிரதங்கள் அல்லவா?

உணவு, அபயம், அறிவு ஆகிய மூவகைத் தானத்தையும் 37 ஆண்டுகட்குள் செய்து முடித்த அப்பெருமகனின் நினைவைப் போற்றுவோம். வரும் ஆகஸ்டு 25ஆம் நாள், அவர் பிறந்த நாளில், இல்லந்தோறும் கல்விக்கென ஒரு சிறு தொகையை எடுத்து வைப்போமாக.

வளர்க ஜினதர்மம்! வாழ்க கல்விக்கொடை!