எண்ணிப் பார்த்த மனிதர்



ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லுவார்கள். சரி, அந்த ஒரு சோற்றை எங்கிருந்து எடுப்பது? மேலேயிருந்தா, அடியிலேயிருந்தா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஒரு நாட்டையே எண்ணிப் பார்த்தார் ஒருவர். அவர்தான் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். கம்ப்யூட்டர் பிரிவில் படிக்கிற நமக்கு அவர் ஏன் முக்கியம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1893 ஜூன் 29-ல் கல்கத்தாவில் பிறந்தார். பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் படித்து 1912-ல் பட்டம் பெற்றார். அடுத்த வருஷம் இங்கிலாந்துக்குப் போனார். லண்டனில் சேருவதாகத்தான் ஏற்பாடு. கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் கடைசி ரயிலைத் தவறவிட்டார். அன்றிரவு அங்கேயே தங்கினார். ஊர் பிடித்துப்போய் அங்குள்ள கிங்ஸ் கல்லூரியிலேயே சேர்ந்துவிட்டார். ஒரு ரயில் போனது, ஒரு வாழ்க்கை திரும்பியது!

அங்கே அவருக்குக் கிடைத்த நண்பர் யார் தெரியுமா? நம்ம பக்கத்து ஊர் ஈரோட்டில் பிறந்த கணித மேதை ராமானுஜன்! நாமக்கல் நாமகிரித் தாயார்தான் அவர் குடும்பத்துக்குக் குலதெய்வம். குளிரில் நடுங்கிக்கொண்டு, கம்பளிகளை விரித்து அவற்றின் மேலேயே படுத்துக் கிடந்தாராம் ராமானுஜன். கம்பளிகளுக்கு உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர் மகலனோபிஸ். எவ்வளவு பெரிய மேதைக்கும் சின்ன விஷயத்தைச் சொல்லித்தர ஓர் ஆள் வேண்டியிருக்கிறது பாருங்கள்.

1915-ல் ஊர் திரும்பும் நேரத்தில் முதல் உலகப் போரால் கப்பல் தாமதமானது. அந்த நாட்களில் நூலகத்தில் 'பயோமெட்ரிக்கா' என்ற புள்ளியியல் இதழ் கண்ணில் பட்டது. வெளிவந்த தொகுதிகளை எல்லாம் வாங்கிக்கொண்டு கப்பலிலேயே படிக்க ஆரம்பித்துவிட்டார். இயற்பியல் வாத்தியாராக வேலைக்குச் சேர்ந்தாலும் மனசு முழுக்கப் புள்ளிவிவரம்தான்.

1926-ல் ஒரிசாவில் பெரிய வெள்ளம். ஆற்றுப்படுகை மேடாகிவிட்டது, கரையை உயர்த்துங்கள் என்றார்கள் பொறியாளர்கள். இவர் பல ஆண்டுகளின் மழை, வெள்ளக் கணக்கை எடுத்து ஒப்பிட்டார். படுகை மேடாகவில்லை என்று காட்டினார். கரை கட்டக் கொட்டியிருக்க வேண்டிய பணத்தைப் பழைய நோட்டுப் புத்தகங்கள் காப்பாற்றின!

1931 டிசம்பர் 17-ல், தன் கல்லூரி அறையில் நடந்துவந்த சின்ன ஆய்வுக்கூடத்தை வைத்தே இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கினார். பல அளவுகளைச் சேர்த்துப் பார்த்து, இரண்டு கூட்டங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று சொல்லும் கணக்கை 1936-ல் வெளியிட்டார். டேட்டா சயின்ஸ் படிப்பவர்கள் இன்றும் அதை 'மகலனோபிஸ் தூரம்' என்றே சொல்கிறார்கள்.

அடுத்து வங்காளத்துச் சணல் விளைச்சல். எல்லா வயலையும் அளக்க ஆளும் இல்லை, காசும் இல்லை. ஆகவே சில வயல்களை மட்டும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார். பானையை நன்றாகக் கிளறிவிட்டுச் சோறு எடுத்த மாதிரி! அதோடு விடவில்லை. ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியாக அனுப்பினார். இரண்டு கணக்கும் நெருங்கி வந்தால் நம்பலாம். வெகுதூரம் விலகினால் எங்கேயோ தப்பு, போய்ப் பார்க்க வேண்டும்.

இப்போது நம்ம பாடத்துக்கு வருவோம். நம்ம ஊரில் ஏஜென்ட் என்றால் லாரி புக்கிங் ஏஜென்ட், இல்லாவிட்டால் முட்டை ஏஜென்ட். லேபில் நாம் இன்ஸ்டால் செய்யும் ஏஜென்ட் ஒரு சின்ன சாஃப்ட்வேர். ஒரு கம்பெனியின் தீவனக் கணக்கு ஒரு கம்ப்யூட்டரில், முட்டைக் கணக்கு இன்னொன்றில், லாரி வாடகை மூன்றாவதில் இருக்கும். ஏஜென்ட் அந்தக் கம்பெனிக்கு உள்ளேயே உட்கார்ந்து, சொன்ன நேரத்தில், சொன்ன டேபிளிலிருந்து எடுத்து, ஒரே இடத்துக்கு அனுப்பும். பெரும்பாலும் அதுவேதான் உள்ளேயிருந்து வெளியே பேசும். வெளியாருக்காகக் கதவைத் திறந்துவைக்கத் தேவையில்லை. இன்ஸ்டால் செய்து, டோக்கன் கொடுத்துப் பதிவு செய்து, சர்வீஸ் ஓடுகிறதா என்று பார்க்க அரை மணி நேரம் போதும். அதற்கப்புறம் வரும் கான்ஃபிகரேஷன்தான் உண்மையான வேலை. அங்கே 'ட்ரே' என்று எழுதியதும் இங்கே 'முட்டை' என்று எழுதியதும் ஒன்றா? ஒரு ட்ரேக்கு 30 முட்டை என்று நாம் சொல்லாவிட்டால் அதற்கு எப்படித் தெரியும்?

1950-ல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியபோது மகலனோபிஸ் செய்ததும் இதே வேலைதான். அவருடைய ஏஜென்ட்டுகள் மனிதர்கள். கையில் படிவத்தோடு கிராமம் கிராமமாக நடந்தார்கள். நம்ம பக்கம் வள்ளம், இன்னொரு பக்கம் மரக்கால் என்று ஊருக்கு ஓர் அளவு இருந்த காலம் அது. எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே வரையறை, எல்லா அளவுக்கும் ஒரே கணக்கு என்று ஆக்கிய பிறகுதான் கூட்டிப் பார்க்க முடிந்தது. குவிந்த கணக்கைப் போட 1955-56-ல் இங்கிலாந்திலிருந்து ஹெச்.ஈ.சி.-2எம் என்ற கம்ப்யூட்டரைக் கல்கத்தாவுக்கு வரவழைத்தார்கள். இந்தியாவுக்கு வந்த முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் அது. கழகத்தின் பொறியாளர்களே இங்கிலாந்து போய்ப் பயிற்சி எடுத்து வந்து அதை நிறுவினார்கள். அந்த மெஷினின் நினைவகத்தில் 1024 சொற்கள்தான்!

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கும் அவர்தான் கணக்குப் போட்டுக் கொடுத்தார். கனரகத் தொழிலுக்கு அதிகம், விவசாயத்துக்குக் குறைவு என்று அதைக் குறை சொன்னவர்களும் உண்டு. 1968-ல் பத்ம விபூஷண் பெற்றார். 1972 ஜூன் 28-ல், 79 வயது நிறைய ஒரே ஒரு நாள் இருக்கும்போது காலமானார். 2007 முதல் அவர் பிறந்தநாள் தேசியப் புள்ளியியல் தினம்.

இதையெல்லாம் நான் பரீட்சைக்காகப் படிக்கவில்லை தோழர்களே. எங்க வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். அப்பா லாரி பட்டறையில் வேலை செய்கிறார். முதல் வருஷம் எனக்கு வர வேண்டிய உதவித்தொகை வரவில்லை. ஒரு பதிவேட்டில் என் இனிஷியல் பெயருக்கு முன்னால், இன்னொன்றில் பின்னால். அவ்வளவுதான். கம்ப்யூட்டர் கணக்கில் நான் இரண்டு ஆள், இரண்டு பேருக்குமே பணம் இல்லை. அம்மா தோட்டை அடகு வைத்து ஃபீஸ் கட்டினார்கள். எந்த சர்வரும் நின்றுபோகவில்லை, எந்த எர்ரரும் வரவில்லை. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை, அதுதான் குறை.

மகலனோபிஸ் இரண்டு குழுக்களை அனுப்பியது இதற்காகத்தான். தரவு தானாகச் சரியாக இருக்கும் என்று அவர் ஒருநாளும் நம்பவில்லை.

நாளைக்கு நம்மில் சிலர் சென்னையிலோ பெங்களூரிலோ ஏதோ ஒரு கம்பெனியில் ஏஜென்ட் இன்ஸ்டால் செய்யப் போகிறோம். பச்சை விளக்கு எரிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். லாகைத் திறந்து பாருங்கள். அனுப்பியது எத்தனை வரி, சேர்ந்தது எத்தனை வரி என்று எண்ணுங்கள். குறைகிற ஒரு வரி, யாரோ ஒரு அம்மாவின் தோடாக இருக்கலாம்.