தம்பியையும் அண்ணனையும் இழந்தவர் தேடிய மருந்து

மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்ற மாணவர் ஒருவர், சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து மூன்றாவது முயற்சியில் தேறினார். ரத்தப் புற்றுநோய்க்குச் சிங்கப்பூர் உட்பட உலகெங்கும் இன்றும் தரப்படும் ஒரு மருந்துக்கு அவரது ஆய்வே அடித்தளம். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895ல் ஆந்திரப் பகுதியின் பீமவரத்தில் வசதி குறைந்த தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் பருவத்திலேயே தந்தை மறைந்தார். பின்னர் அண்ணனும் தம்பியும் 'ஸ்புரு' என்ற நோயால் அடுத்தடுத்து இறந்தனர். உணவின் சத்தைக் குடல் உறிஞ்ச முடியாமல் ரத்தசோகை ஏற்பட்டு உடல் உருகும் நோய் அது. அப்போது அதற்குச் சரியான மருந்து இல்லை.

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது, காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடை அணிந்தார். அது அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. முழுமையான எம்பிபிஎஸ் பட்டத்துக்குப் பதிலாக, அதைவிடத் தகுதி குறைந்த எல்எம்எஸ் சான்றிதழே சுப்பாராவுக்குக் கிடைத்தது.

1922ல் மனைவியை ஊரில் விட்டுவிட்டு அமெரிக்காவின் பாஸ்டனுக்குச் சென்றார். அங்கே மருத்துவமனையில் இரவுநேரப் பணியாளாக வேலை செய்துகொண்டே ஹார்வர்டில் படித்தார். அவர் புறப்பட்ட பிறகு பிறந்த மகன் கைக்குழந்தையாகவே இறந்துபோனான். அந்தப் பிள்ளையின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. அதன்பின் ஒருமுறைகூட அவர் இந்தியா திரும்பவில்லை.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து, ரத்தத்திலுள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925ல் வெளியிட்டார். தசைகளுக்குச் சக்தி தரும் பொருள்களையும் இருவரும் அடையாளம் கண்டனர். ஆனாலும் அங்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940ல் லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்துக்கு மாறினார்.

அங்கே அவரது குழு 1945ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. ஸ்புரு நோயாளிகளின் ரத்தசோகையை அது குணப்படுத்தியது. சகோதரர்களைப் பறித்த நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது.

கதை அத்துடன் முடியவில்லை. உயிரணு இரண்டாகப் பிரியும் முன் தன் மரபணுவை நகலெடுக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. நம்மைக் காக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களான வெள்ளை அணுக்கள், முதிர்ச்சி அடையாமலேயே எலும்பு மஜ்ஜையில் கட்டுக்கடங்காமல் பெருகுவதே ரத்தப் புற்றுநோய். பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர், இந்நோய் கண்ட சிறுவர்களுக்கு ஃபோலிக் அமில வகை மருந்துகளைக் கொடுத்தபோது நோய் வேகமெடுப்பதுபோல் தெரிந்தது.

அப்படியானால் அந்தச் சத்தைத் தடுத்தால் என்ன? சுப்பாராவின் குழு, தோற்றத்தில் ஃபோலிக் அமிலத்தை ஒத்த 'அமினோப்டெரின்' என்ற போலியைத் தயாரித்துக் கொடுத்தது. பூட்டுக்குள் நுழைந்தாலும் திறக்காத சாவிபோல, அது உயிரணுவின் வேலையை முடக்கியது. ஃபார்பர் 1948ல் வெளியிட்ட ஆய்வில், 16 சிறுவர்களில் 10 பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது. அது தற்காலிகம்தான். ஆனால் மருந்தால் இந்நோயைப் பின்வாங்க வைக்கலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்து பிறந்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம், 53 வயதில், சுப்பாராவ் தூக்கத்திலேயே காலமானார். அமினோப்டெரினின் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட், பின்னர் அதன் இடத்தைப் பிடித்தது. நோய் எதிர்ப்பு அணுக்கள் வழிதவறிச் சொந்த மூட்டுகளையே தாக்கும் முடக்குவாதத்துக்கும் இன்று அதைக் குறைந்த அளவில் தருகிறார்கள்.

சகோதரர்களின் நோய்க்கு அவர் தேடிய அதே சத்துதான், அதைத் தடுக்கும் வழியையும் காட்டி, முன்பின் பார்த்திராத குழந்தைகளுக்கு உதவியது. இருமுறை தோற்றபோதே அவர் படிப்பை விட்டிருந்தால், இந்தத் தேடல் தொடங்கியே இருக்காது.